செல்லாண்டி சேனலில் ஞாயிறு பூசை

டிவியின் முதுகில் செருகியிருக்கிற அந்தக் குச்சியை நான் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. இருப்பது கட்டைவிரல் நீளம். அதற்குள் உலகத்துப் படமெல்லாம் வருகிறது என்றால், எங்கிருந்து வருகிறது, திரும்பிப் போகும்போது நம் வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று கேட்கத் தோன்றுமா இல்லையா? நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நாற்பத்திரண்டு வருஷம் மரவேலை செய்தவன் நான். தட்டிப் பார்க்காமல் ஒரு பலகையைக்கூடக் கையில் வாங்கியதில்லை. மூட்டு எங்கே என்று தெரியாத சாமானை நம்பக்கூடாது என்பது பட்டறையில் படித்த பாடம். பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்போடு சரி.

குச்சியைக் கொண்டுவந்தவன் என் மகன் பிரான்சிஸ். பெங்களூரில் கம்பெனி வேலை. ஈஸ்டருக்கு வந்தவன், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஆள் வைத்து மாட்டி, டிவியில் இதைச் செருகி, இனிமேல் கேபிளே வேண்டாம் என்றான். வேறு சமயமாக இருந்தால் வேண்டாம் என்று நான்தான் மல்லுக்கு நின்றிருப்பேன். ஆனால் அவன் வந்த நேரம் அப்படி. முந்தின வாரம்தான் எனக்கும் கேபிள்காரன் அங்கமுத்துவுக்கும் நடுத்தெருவில் சண்டை.

சண்டைக்குக் காரணம் கோழித்தீவனம். அங்கமுத்து இருபத்தைந்து வருஷமாக எங்கள் பகுதிக்குக் கேபிள் கொடுத்தவன். சொந்தமாக ஊர்ச் சேனல் ஒன்றும் வைத்திருந்தான். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, இரங்கல் செய்தி எல்லாம் அதில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மாதா கோவில் பூசையை அவனே கேமரா தூக்கிக்கொண்டு வந்து பிடித்து நேரடியாகக் காட்டுவான். எல்லாம் சரி. படத்துக்கு அடியில் மஞ்சள் பட்டையில் விளம்பரம் ஓடும். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்து உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம், அந்தப் பட்டை அடியில் நிற்காமல் நடுவுக்கு ஏறி, அப்பத்தின் மேலேயே ‘முட்டை எடை கூடும், ஓடு உறுதியாகும்’ என்று ஊர்ந்து போனது. கைகூப்பி இருந்த என் மனைவி தெரசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவனைத் தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் மெஷின் கோளாறுங்கண்ணா என்றான். மெஷினை ஓட்டுகிறவனுக்கு மூளைக் கோளாறு என்றேன். பத்துப் பேர் பார்க்க, உன் ஒயரை வெட்டிப் போட்டால்தான் என் வீடு சுத்தமாகும் என்றும் சொல்லிவிட்டேன்.

அதனால் பிரான்சிஸ் குச்சியைச் செருகியதும், நான் ஏணி போட்டு ஏறிக் கேபிள் ஒயரை வெட்டினேன். நல்ல கெட்டி ஒயர். வீணாக்குவானேன் என்று புழக்கடையில் இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துத் துணிக்கொடி கட்டினேன்.

குச்சிக்கு ஒரு சின்ன ரிமோட். அதில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் கேட்டதைக் காட்டுமாம். கேட்கிறது என்றால் காது இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிரான்சிஸ் ஊருக்குப் போன அன்றே, ரிமோட்டின் தலையில் இருந்த ஊசித் துளையைத் தேடிக் கண்டுபிடித்து, தெரசம்மாளின் புண்ணுக்கு வாங்கிய பிளாஸ்திரியை இரண்டாக மடித்து மேலே ஒட்டிவிட்டேன். எங்கள் வீட்டுப் பேச்சு எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

தெரசம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் துணி துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பாள். வாசல் படி இறங்க முடியாது. கோவில் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். தெருவே நின்று பார்த்தது. திரும்பி வந்ததும் சொன்னாள்: “இனிமேல் என்னைய இப்பிடித் தூக்காதீங்க. ஒருக்காத்தான் தூக்கோணும். அது எப்போன்னு ஆண்டவருக்குத் தெரியும்.”

ஆக அவளுக்குக் கோவில் என்றால் அங்கமுத்துவின் சேனல்தான். ஞாயிறு காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்காருவாள். சாமியார் சொல்வதற்கெல்லாம் வாய்விட்டுப் பதில் சொல்வாள். நடுநடுவே, யார் வந்தார்கள், யார் வரவில்லை, பாட்டுக்குழுவில் யார் சுருதி விட்டார்கள் என்று கணக்கும் எடுப்பாள்.

குச்சி வந்த பிறகு பூசைக்குப் பஞ்சமில்லை. பிரான்சிஸ் எதையோ அமுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஞாயிறு காலையில் போட்டால் வரிசையாக வரும். கடற்கரையில் ஒரு கோவில், மலைமேல் ஒரு கோவில், பளிங்குத் தரை, நூறு பேர் பாட்டு. பட்டையும் இல்லை, தீவனமும் இல்லை. நான்கூட அசந்துபோனேன். எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்குதுங்க என்றாள். நானும் நம்பினேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. அவள் தலையை மூடவில்லை. பதிலும் சொல்லவில்லை. கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே பூசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகம் பார்க்கிற மாதிரி.

என்ன புள்ள இது என்றேன்.

“அங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியலீங்க. அவங்களுக்கும் என்னையத் தெரியாது. ஊரான் ஊட்டு விருந்துல நின்னு வேடிக்க பாக்கற மாதிரி இருக்குது” என்றாள். சண்டைக்கு இழுக்கிற குரலில் சொல்லவில்லை. கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் ஆகஸ்ட் பிறந்தது. ஆகஸ்ட் இருபத்து நான்கு எங்கள் மகள் அக்சிலியா இறந்த நாள். பதினேழு வயதில், மஞ்சள் காமாலையில், நான்கே நாளில் போய்விட்டாள். இருபத்தொரு வருஷமாகிறது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அவளுக்காகப் பூசை எழுதி வைப்போம். பூசை தொடங்கும்போது சாமியார், இன்றைக்கு இன்னாருடைய ஆன்மாவுக்காக இந்தப் பூசை என்று பேர் வாசிப்பார். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, அந்தப் பேர் ஒரே ஒரு தடவை காதில் விழும். வருஷத்தில் வேறு யார் அக்சிலியா என்று கூப்பிடப் போகிறார்கள்? எங்கள் வீட்டிலேயே அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை. விழுந்து படுத்திருந்த வருஷம்கூடத் தெரசம்மாள் அதைக் கேபிளில் கேட்டாள்.

இந்த வருஷம் இருபத்து நான்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை எழுதி வைத்துவிட்டு வந்து சொன்னேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு அவ பேரக் கேக்கோணுமுங்க” என்றாள்.

நான் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

“நீங்க கேட்டா நான் கேட்டதா ஆயிருமா?”

அதுவும் கேட்டது என்னிடம். அந்தப் பேர் வாசிக்கிற நேரத்தில் நான் எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு வேறு எதையாவது நினைக்கிறவன். பலகைக் கணக்கு, ஆணிக் கணக்கு. அது அவளுக்குத் தெரியும்.

கோவிலில் வெளியே கேட்கிற கூம்புக் குழாய் ஸ்பீக்கரை எடுத்துப் பல வருஷமாகிறது. பக்கத்து வீட்டு சோபியா, நான் போனை அழைப்பில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் அக்கா என்றாள். ஆனால் புதுச் சாமியார் கோவிலுக்குள் போன் எடுத்தால் பூசையை நிறுத்திவிட்டு முறைக்கிறவர். பிரான்சிஸுக்குப் போன் போட்டேன். நம் கோவில் பேரைப் போட்டு அப்போதே தேடிவிட்டேன் அப்பா, ஒன்றும் வரவில்லை, நம் கோவில் இன்னும் அதில் ஏறவில்லை என்றான். மிச்சம் இருந்தது ஒரே வழி. அது அங்கமுத்து வீட்டு வழி.

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். வழியெல்லாம், அவன் இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்வது என்று பேச்சைக் கட்டிக்கொண்டே போனேன்.

அவன் வீட்டு மாடியில், வானத்தைப் பார்த்து நின்ற பெரிய டிஷ் குடைகள் மூன்றும் படுத்திருந்தன. ஒன்றில் வெங்காய வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அவன் மனைவி காளியாத்தாள் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கமுத்து கைலியோடு இறங்கி வந்தான். கட்டி வைத்த பேச்சு ஒன்றும் எனக்கு வரவில்லை. மறுபடியும் கேபிள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“உங்க தெருவுல முப்பது ஊடு இருந்துச்சுங்கண்ணா. ஒவ்வொண்ணா உட்டுப்போச்சு. கடைசி ஊடு நீங்கதானுங்க. நீங்க வெட்டுன மறுவாரம் தெரு ஒயரையே சுருட்டிட்டு வந்துட்டேன். கேபிளே இல்லீங்க இப்ப, கடையச் சாத்திட்டேன்” என்றான்.

திரும்பி நடக்கப் பார்த்தேன். எதுக்கு இப்போது திடீரென்று கேபிள் என்று அவன் கேட்டான். சொன்னேன். அக்சிலியா பேரைச் சொல்லி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அக்சிலியாவை அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் இணைப்புக் கொடுக்க வந்தபோது, ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

அவன் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு, “பூசைய நான் இன்னும் புடிச்சிட்டுத்தான இருக்கறேன்” என்றான்.

எதற்கு, கேபிள்தான் இல்லையே என்றேன். யூடியூப்பில் விடுகிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தூக்காவிட்டால் கை நமநமக்கிறதாம். துபாயிலும் ஓசூரிலும் இருக்கிற நம் ஊர்ச் சனம் பார்க்கிறதாம். உங்கள் வீட்டுக் குச்சியிலேயே அது வருமே, இந்த நான்கு மாதமும் வந்துகொண்டுதானே இருந்தது என்றான்.

பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். என் மகன் கோவில் பேரைப் போட்டுத் தேடியாயிற்று, இல்லை என்றேன்.

“கோயில் பேருல எப்பிடிங்க வரும்? என் சேனல் பேருல தேடோணும். ஸ்ரீ செல்லாண்டியம்மன் விஷன்.”

செல்லாண்டியம்மன் அவர்கள் குலதெய்வம். கடை திறந்த நாள் முதல் சேனலுக்கு அந்தப் பேர்தான். கேபிளில் பார்க்கும்போது பதினான்காம் நம்பர் என்று அமுக்குவோமே தவிர, பேரை யார் பார்த்தது? மாதா கோவில் பூசையை அம்மன் பேரில் தேட வேண்டும் என்று பெங்களூரில் இருக்கிறவனுக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் சனிக்கிழமை அவனே வீட்டுக்கு வந்தான். புழக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் ஒயரில் தெரசம்மாளின் இரண்டு சேலையும் என் வேட்டியும் காய்ந்தன.

“நல்ல சிக்னல் வருதுங்களாண்ணா?” என்றான்.

நான் காதில் வாங்காத மாதிரி ரிமோட்டை நீட்டினேன். எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பேர் போடுவது எனக்கு ஆகாது, எல்லாம் இங்கிலீஷ். அங்கமுத்து, வாயால் கேட்டுவிடுங்கள், சுலபம் என்று சொல்லிப் பொத்தானை அழுத்திப் பேசினான். டிவி ஒன்றும் அசையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிளாஸ்திரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“இதுக்கு எங்கீங்கண்ணா அடிபட்டுச்சு?”

தெரசம்மாள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இடுப்பு முறிந்த பிறகு நான் பார்த்ததில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு எவன் என்ன பண்ணப் போகிறான், முட்டி வலியும் மூட்டு வலியும்தானே என்று அவளும் சேர்ந்துகொண்டாள். பிளாஸ்திரியைக் கிழித்தேன்.

அங்கமுத்து எல்லாம் காட்டினான். நாளைக் காலையில் அவன் கோவிலில் கேமராவுக்குப் பின்னால் நிற்பான். நான்தான் கூப்பிட வேண்டும். இது நிறுத்த, இது ஒலிக்கு, இது பின்னால் போக என்று ஒவ்வொரு பொத்தானாகச் சொன்னான். பின்னால் போவது எதற்கு என்று கேட்டேன். போன படத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், பூசை நடந்துகொண்டிருக்கும்போதே கொண்டுவரலாம் என்றான். எனக்கு அது பிடிபடவில்லை. ஆனாலும் கிழித்த பிளாஸ்திரியில் ஒரு துணுக்கை வெட்டி, விரலுக்கு அடையாளமாக அந்தப் பொத்தானில் ஒட்டி வைத்தேன். தேவைப்படுமோ படாதோ.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவனிடம் அந்தத் தீவன விளம்பரத்தைப் பற்றிக் கேட்டேன். இன்னமும் ஓடுமா என்றேன்.

“ஓடுமுங்க. அதுவும் இல்லீன்னா கேமராவ வித்துத்தான் திங்கோணும். ஆனா சாமியாரு கையத் தூக்கறப்ப நிறுத்திருவனுங்க. நீங்க சத்தம் போட்ட வாரத்துல இருந்தே நிறுத்திட்டுத்தான் இருக்கறேன். நீங்கதான் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே தெரசம்மாள் தயாராகிவிட்டாள். மாம்பழக் கலர்ச் சேலை. தலையில் முந்தானை. டிவிக்கு மேலே திருஇருதய ஆண்டவர் படம், விளக்கு எரிகிறது. நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை. எழுபத்து நான்கு வயது வரைக்கும் அந்த வீட்டில் சொல்லாத அம்மன் பேர்.

“சொல்லுங்க. ஆண்டவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. அவரு வாரதுக்கு எந்தப் பேருல கூப்ட்டா என்ன” என்றாள்.

செல்லாண்டியம்மன் விஷன் என்றேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும். டிவி யோசித்தது. அப்புறம் எங்கள் கோவில் வந்தது.

அதே இடத்துத் தூண், அதே விரிசல் விட்ட பீடத்துப் படி, அதே மின்விசிறி. அடியில் மஞ்சள் பட்டை. தெரசம்மாள் முன்னால் சாய்ந்தாள். அவள் உதடு ஓடியது. உபதேசியாருக்கு உடம்பு இளைத்துவிட்டது என்றாள். சோபியாவுக்குப் பின்னால் இருக்கிறது யார், புது மருமகளா என்றாள். பாட்டு முடிந்தது. சாமியார் சிலுவை போட்டார். தாளை எடுத்தார்.

இரண்டு பேரை வாசித்தார். மூன்றாவது பேருக்கு வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வெள்ளைப் பெட்டியைப் பார்த்தேன். அதில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. தட்டலாமா என்று கையை ஓங்கி, வேண்டாம் என்று இறக்கினேன். தெரசம்மாள் மடியில் இருந்த ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

படம் திரும்ப வந்தபோது எல்லாரும், ஆண்டவரே இரக்கமாயிரும் என்று பாடிக்கொண்டிருந்தார்கள். தாள் மடிக்கப்பட்டுப் பீடத்தில் கிடந்தது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையைத் தலையிலிருந்து எடுக்கக் கை போனது. கேபிளாக இருந்தால் அவ்வளவுதான். போனது போனதுதான், இனி அடுத்த ஆகஸ்ட். அடுத்த ஆகஸ்டுக்கு யார் இருப்போமோ.

அப்போதுதான் என் விரல் பிளாஸ்திரித் துணுக்கில் பட்டது. அழுத்தினேன். ரொம்ப அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. சாமியார் மறுபடியும் வாசலில் நின்றார், பாட்டுக் கூட்டம் மறுபடியும் தொடங்கியது. இரு புள்ள, இரு என்றேன். பாட்டு முழுவதையும் மறுபடியும் கேட்டோம். சிலுவை போட்டார். நாங்களும் இரண்டாம் தடவை போட்டோம். தாளை எடுத்தார். ஒன்று. இரண்டு.

“அக்சிலியா மேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பெற்றோர் சூசைமாணிக்கம், தெரசம்மாள்.”

இந்தத் தடவை வட்டம் சுற்றவில்லை. சாமியார் அடுத்த பேருக்குப் போய்விட்டார். ரிமோட் என் கையில் இருந்ததால் நான் தரையைப் பார்க்க முடியவில்லை. நிமிர்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வருஷத்தில் அந்தப் பேரை நான் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

தெரசம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “இன்னொருக்கா” என்றாள்.

இந்த முறை அளவாக அழுத்தினேன். இன்னொருக்கா கேட்டோம். பேர் வந்தபோது அவளும் சாமியாரோடு சேர்ந்து சொன்னாள். நான் சொல்லவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

“போதுமுங்க. பூசை போவுது” என்றாள்.

பூசை போய்த்தான் விட்டது. நாங்கள் கால் மணி நேரம் பின்தங்கிவிட்டோம். டிவியில் சாமியார் பிரசங்கத்தில் இருக்கும்போதே, ஜன்னல் வழியாக இரண்டு தெரு தள்ளி எழுந்தேற்ற மணி அடித்தது. தெரசம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அப்புறம் டிவியில் அந்த நேரம் வந்தபோது இன்னொரு முறை கூப்பினாள். சாமியார் அப்பத்தை எடுத்தார். மஞ்சள் பட்டையில் தீவனம் ஓடிக்கொண்டிருந்தது. கை மேலே போனதும் பட்டை மறைந்துவிட்டது. கை இறங்குகிற வரைக்கும் வரவில்லை. நான் கண் கொட்டாமல் பார்த்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான்.

பூசை முடிந்து முந்தானையை இறக்கிவிட்டுத் தெரசம்மாள் சொன்னாள், “அங்கமுத்த ஒரு நாளைக்குச் சாப்படக் கூப்படோணுமுங்க.”

“கூப்படலாம். ஆனா கொடி ஒயரத் திருப்பிக் கேக்கப்படாது” என்றேன்.